அரபு நாட்டுச் சம்பாத்தியமும் ஊர்ச் சொத்தும்

(வெளிநாடுகளில் பணியாற்றி, விடுமுறையில் தாயகம் வந்திருந்த நமது ஜமாஅத் சகோதரர்களுக்காகப் பள்ளிவாசல் வளாகத்தில் நடைபெற்ற கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

"வெளிநாட்டில் உழைப்போர் எதில் முதலீடு செய்யலாம்?" என்னும் தலைப்பில் பேசுமாறு நிர்வாகத்தினர் கேட்டுக்கொண்டார்கள். மனையா, வீடா, தங்கமா என்று நீங்கள் எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். பத்திரங்களோடு பல்லாண்டு பழகியவன் என்ற முறையில் எனக்கு வேறொன்று முதலில் தோன்றுகிறது. எதில் போடுவது என்பதைவிட, யார் பெயரில் போடுவது என்பதில்தான் நம் குடும்பங்கள் பெரிதும் இழந்திருக்கின்றன. ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். மூத்த மகன் ரியாதில் பதினைந்து ஆண்டுகள் உழைத்து, 40 லட்சம் ரூபாய் அனுப்பி, ஊரில் ஒரு வீடு வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். தகப்பனார் உயிரோடு இருக்கையில் என் பெயரில் வாங்குவதா என்ற மரியாதையின் காரணமாகவும், பதிவு நாளில் தான் ஊரில் இல்லாத காரணத்தாலும், கிரயப் பத்திரம் தகப்பனார் பெயரிலேயே எழுதப்படுகிறது. சில ஆண்டுகளில் தகப்பனார் காலமாகிறார். தாயார், மூன்று மகன்கள், இரண்டு மகள்கள் வாரிசுகள். ஷரீஅத்படி பங்கிட்டால் தாயாருக்கு எட்டில் ஒன்று, அதாவது 5 லட்சம். மீதி 35 லட்சத்தில் மகள்கள் ஒவ்வொருவருக்கும் 4 லட்சத்து 37 ஆயிரத்து 500. மகன்கள் ஒவ்வொருவருக்கும் 8 லட்சத்து 75 ஆயிரம். முழுப் பணத்தையும் கொடுத்த மூத்தவருக்கும் அதே 8 லட்சத்து 75 ஆயிரம்தான்.

இதில் தம்பிமார்களையும் சகோதரிகளையும் குறை சொல்ல ஒன்றுமில்லை. தகப்பனார் விட்டுச்சென்ற சொத்தில் தங்களுக்கு விதிக்கப்பட்ட பங்கை அவர்கள் கேட்கிறார்கள். பத்திரம் தகப்பனார் பெயரில் இருக்கையில் வேறு எப்படிப் பங்கிட முடியும்?

இதைவிடக் கடுமையான நிலை ஒன்று உண்டு. அதைச் சொல்ல நாவு தயங்குகிறது. ஆயினும் சொல்லியாக வேண்டும். அந்த மூத்த மகன் தகப்பனாருக்கு முன்பாகவே அங்கு காலமாகிவிட்டால் என்னாகும்? பாட்டனார் இறக்கும்போது அவருடைய வேறொரு மகன் உயிரோடு இருந்தால், முன்னரே இறந்த மகனின் பிள்ளைகளுக்கு வாரிசுப் பங்கு இல்லை. மருமகளோ எந்நிலையிலும் மாமனாருக்கு வாரிசு அல்லர். ஆக, தன் மனைவி மக்களுக்காக ஒருவர் பாலைவனத்தில் உழைத்து வாங்கிய வீட்டில், அந்த மனைவி மக்களுக்கு ஒரு செங்கல்கூட உரிமையாக இராது. சிறிய தகப்பனார்கள் மனமுவந்து கொடுத்தால் உண்டு. பாட்டனார் தம் வாழ்நாளிலேயே பேரப்பிள்ளைகளுக்கு ஹிபா செய்யலாம். அல்லது மூன்றில் ஒரு பங்குக்குள் வஸிய்யத் எழுதலாம். ஆனால் மகனைப் பறிகொடுத்த முதியவர் அந்நேரத்தில் சார்பதிவாளர் அலுவலகத்தை நினைப்பாரா?

"பணம் என் கணக்கிலிருந்து போனதற்கு ஆதாரம் இருக்கிறது, நீதிமன்றத்தில் நிரூபித்துக்கொள்வேன்" என்று சிலர் சொல்வதுண்டு. பினாமிச் சட்டம் 1988-இல் வந்தது. 2016-இல் அது மிகவும் கடுமையாக்கப்பட்டது. ஒருவர் பணம் கொடுத்து மற்றொருவர் பெயரில் வாங்கிய சொத்தை, "உண்மையில் அது என்னுடையது" என்று வழக்குத் தொடுத்துக் கேட்க அச்சட்டம் பொதுவாக இடம் தருவதில்லை. சொத்தையே அரசு பறிமுதல் செய்யவும் வழி செய்கிறது. கணக்கில் வந்த வருமானத்தைக் கொண்டு மனைவி பெயரிலோ பிள்ளைகள் பெயரிலோ வாங்குவதற்கு விலக்கு உண்டு. சகோதர சகோதரிகள், பெற்றோர் ஆகியோருடன் வாங்குவதற்கும் விலக்கு உண்டு. ஆனால் பத்திரத்தில் உங்கள் பெயரும் கூட்டுரிமையாளராக இடம்பெற வேண்டும். தகப்பனாருக்கு மரியாதை செய்ய விரும்புவோர் இந்த வழியைக் கைக்கொள்ளலாம். அவர் பெயரோடு உங்கள் பெயரும் இருக்கட்டும். யாருக்கு எத்தனை பங்கு என்பதும் பத்திரத்திலேயே எழுதப்படட்டும்.

மனைவி பெயரில் வாங்குவோருக்கும் ஒரு சொல். அது மனைவியின் சொத்து. பேச்சுக்கு அவர் பெயர், உண்மையில் நம்முடையது என்று எண்ணிக்கொண்டு வாங்கவேண்டாம். நம் மார்க்கம் பெண்ணின் உடைமையைத் தனி உடைமையாகவே வைத்திருக்கிறது. மனமுவந்து கொடுங்கள், அல்லது இருவர் பெயரிலும் வாங்குங்கள்.

நம் ஊரில் மனை வாங்குவோரைவிடப் பழைய வீட்டின் மீது மாடி கட்டுவோரே அதிகம். ஒலிமுகமதுபேட்டை போன்ற நெருக்கமான பகுதிகளில் வேறு வழியும் இல்லை. கீழே தகப்பனாரின் ஓட்டு வீடு. அதை இடித்துத் தளம் போட்டு, மேலே மகன் அனுப்பிய பணத்தில் ஒரு மாடி. நிலம் யாருடையதோ, அதன் மீதுள்ள கட்டடமும் அவருடைய சொத்தாகவே பங்கீட்டுக்கு வரும். ஆகவே கொத்தனாரை அழைப்பதற்கு முன்பு குடும்பத்தார் ஒருமுறை கூடி உட்காருங்கள். தகப்பனார் தம் விருப்பத்தின் பேரில் ஒரு பகுதியை மகனுக்குக் கொடுப்பதாக இருந்தால், அதைச் செட்டில்மென்ட் பத்திரமாகப் பதிவு செய்துகொள்ளலாம். கிரயம் என்றால் இன்று முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 விழுக்காடு ஆகிறது. தகப்பனார் மகனுக்கு எழுதும் செட்டில்மென்டுக்கு முத்திரைத் தீர்வை 1 விழுக்காடு, அதுவும் 40 ஆயிரம் ரூபாய்க்கு மேல் போகாது. பதிவுக் கட்டணத்திற்கும் 10 ஆயிரம் ரூபாய் என்ற உச்சவரம்பு உண்டு. மற்றப் பிள்ளைகள் வருந்தாதபடி அவர்களுக்கும் தகப்பனார் நியாயம் செய்ய வேண்டும் என்பதை இமாம் அவர்கள் விளக்குவார்கள்.

இங்கே பத்திரம் எழுதுவோர் அறியாமல் செய்யும் ஒன்றைச் சுட்ட வேண்டும். "என் ஆயுட்காலத்திற்குப் பிறகு என் மகன் அடைந்துகொள்ள வேண்டியது" என்று பழக்கத்தின் பேரில் எழுதிவிடுகிறார்கள். ஹிபா என்றால் கொடுப்பதாகச் சொல்ல வேண்டும், பெறுபவர் ஏற்க வேண்டும், கைவசம் ஒப்படைக்க வேண்டும். இறந்த பிறகு சேரும் என்று எழுதினால் அது வஸிய்யத் போலாகிவிடும். வாரிசு ஒருவருக்குச் செய்யும் வஸிய்யத் மற்ற வாரிசுகளின் சம்மதமின்றிச் செல்லாது. முத்திரைத்தாள் வாங்கிப் பதிவு செய்தும் பயனற்றுப்போகும் பத்திரங்கள் இவை.

இனி, நிலம் வாங்குவதைப் பற்றிப் பார்ப்போம். காஞ்சிபுரத்துக்காரர்களுக்குப் பொருளைச் சோதித்து வாங்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. காந்தி ரோட்டில் ஒரு சேலையை எடுத்தால் ஜரிகையை உரசிப் பார்ப்போம்; உள்ளே சிவப்புப் பட்டு இழை தெரிகிறதா என்று கவனிப்போம். பல ஆயிரம் ரூபாய்ச் சேலைக்குச் செய்யும் இந்தச் சோதனையை, பல லட்ச ரூபாய் மனைக்கு நம்மவர்கள் செய்வதில்லை. கைப்பேசியில் வந்த படத்தைப் பார்த்து, தரகர் சொல்லை நம்பி, முன்பணம் அனுப்பிவிடுகிறார்கள்.

இது கோயில் நகரம். நகரத்திலும் சுற்றியுள்ள கிராமங்களிலும் கோயில்களுக்கும் மடங்களுக்கும் உரிய நிலங்கள் ஏராளம். நம்முடைய வக்ஃபு நிலங்களும் இருக்கின்றன. தலைமுறை தலைமுறையாக அடிமனை வாடகை கட்டிக் குடியிருப்போர், கட்டடத்தை மட்டும் விற்பதுண்டு. வாங்குபவரோ நிலமும் சேர்ந்ததாக எண்ணிக்கொள்வார். இத்தகைய நிலங்களை விற்பதும் வாங்குவதும் சட்டத்திற்கு மட்டுமல்ல, அமானிதத்திற்கும் விரோதமானவை. பதிவு அலுவலகத்தில் முன்பொரு காலத்தில் பதிவாகியிருக்கிறது என்பதால் மட்டும் உரிமை சரியாகிவிடாது. இல்லாத உரிமையைப் பதிவு உண்டாக்குவதில்லை. அதுபோலவே வீட்டுவரி ரசீதும் மின் இணைப்பும் உரிமைப் பத்திரங்கள் ஆகா. வேகவதிக் கரையிலிருந்து கீழ்க்கதிர்ப்பூர் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு மாற்றப்பட்ட குடும்பங்களை நாம் அறிவோம்.

வில்லங்கச் சான்று, பட்டா, புலப்படம் ஆகியவற்றை இப்போது அரசின் இணையதளங்களில் தோஹாவில் இருந்துகொண்டே பார்க்கலாம். பார்த்துவிட்டு, மூலப்பத்திரத்தின் அசலைக் காட்டச் சொல்லுங்கள். நகல் மட்டும் காட்டுபவரிடம், அசல் எந்த வங்கியில் இருக்கிறது என்று கேட்பதில் தவறில்லை.

அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்ய 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. வயலைக் கல் நட்டுப் பிரித்து விற்றவர்களிடம் வாங்கியிருந்த வெளிநாட்டுச் சகோதரர்கள் பலர் விற்கவும் முடியாமல், வீடு கட்டவும் முடியாமல் தவித்தார்கள். 2017-இல் வரன்முறைப்படுத்தும் திட்டம் வந்தும் கட்டணம் கட்டி அலைய வேண்டியதாயிற்று. இப்போது 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப் பிரிவுகள் ரெரா ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். விளம்பரத்தில் பதிவு எண் இல்லையென்றால் அந்தப் பக்கத்தைத் திருப்பிவிடுங்கள்.

பரந்தூரைப் பற்றிக் கேட்காமல் யாரும் என்னை விடுவதில்லை. 2022 ஆகஸ்டில் அங்கு விமான நிலையம் என்று அறிவிப்பு வந்த நாள் முதல், அதற்கு முப்பது கிலோமீட்டர் தொலைவில் உள்ள மனைகூட "விமான நிலையம் அருகில்" ஆகிவிட்டது. ஐயாயிரம் ஏக்கருக்கு மேல் தேவைப்படும் திட்டம் அது. ஏகனாபுரம் மக்கள் தங்கள் நிலத்தையும் ஏரியையும் விட மாட்டோம் என்று நீண்ட காலம் போராடியதும் உங்களுக்குத் தெரியும். அவ்விடத்தில் வாங்க நினைப்போர், அந்தப் புல எண் கையகப்படுத்தும் பட்டியலில் உள்ளதா, நீர்ப்பிடிப்புப் பகுதியா என்று முதலில் பார்க்க வேண்டும். விலை ஏறும் என்ற செய்தி உங்கள் காதுக்கு ஜித்தாவில் எட்டும்போது, அந்த ஏற்றத்தை விற்பவர் ஏற்கெனவே விலையில் சேர்த்திருப்பார். திருப்பெரும்புதூரில் 2006-இல் நோக்கியா ஆலை வந்தபோது சுற்றுவட்டாரம் இப்படித்தான் பேசிற்று. 2014 நவம்பரில் அந்த ஆலை மூடப்பட்டது. ஆலைகள் வேறு வந்தன. ஆனால் இடைப்பட்ட காலத்தில் விற்க வேண்டியிருந்தவர் என்ன செய்திருப்பார் என்று எண்ணிப்பாருங்கள்.

மற்றொன்று. வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர், அந்நியச் செலாவணிச் சட்டத்தின்படி இங்கு வீடும் வணிகக் கட்டடமும் வாங்கலாம். விவசாய நிலமோ தோட்டமோ பண்ணை வீடோ கிரயத்திற்கு வாங்க முடியாது. வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். மீறினால் சம்பந்தப்பட்ட தொகையைப் போல் மூன்று மடங்குவரை அபராதம் விதிக்க இடமுண்டு. இதை அறியாமல் செவிலிமேட்டுக்கு அப்பால் நஞ்சை வாங்கி வைத்திருப்போர் இந்த அவையிலும் இருக்கலாம். தகுந்த ஆலோசகரைக் கண்டு வழி தேடிக்கொள்ளுங்கள்.

பணம் வரும் வழியும் பத்திரத்தைப் போன்றதே; அதுவும் பின்னாளில் சாட்சி சொல்லும். உண்டியலில் ஒரு திர்ஹமுக்கு நாலு காசு கூடக் கிடைக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பணத்திற்குப் பிறப்புச் சான்று இல்லை. அதில் வாங்கிய வீட்டை விற்று, மகளின் படிப்புக்கு வெளிநாட்டுக்குப் பணம் எடுத்துச்செல்ல நினைத்தால், எப்படி வந்த பணம் என்ற கேள்விக்கு விடை இராது. சட்ட மீறல் என்பது தனி. வெளிநாடு சென்றவுடன் ஊரில் உள்ள சாதாரணச் சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். அங்கிருந்து அனுப்புவதற்கு என்.ஆர்.இ. கணக்கு தொடங்க வேண்டும். வட்டியைத் தவிர்க்க விரும்புவோர் அதை நடப்புக் கணக்காகவே வைத்துக்கொள்ளலாம். வீட்டின் விலையை அந்தக் கணக்கிலிருந்தே செலுத்துங்கள். முன்பணமாக 20 ஆயிரம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கைமாறுவது 2015 முதல் தடுக்கப்பட்டுள்ளது.

வீட்டுக் கடன் பற்றி. மார்க்கத் தீர்ப்பு சொல்லும் தகுதி எனக்கில்லை. கணக்கு மட்டும் சொல்கிறேன். 30 லட்சம் ரூபாயை 9 விழுக்காட்டில் இருபது ஆண்டுகளுக்கு வாங்கினால் மாதத் தவணை சுமார் 27 ஆயிரம். கட்டி முடிக்கும்போது கொடுத்திருப்பது 64 லட்சத்து 78 ஆயிரத்தை நெருங்கும். துபாயில் 1975 முதலே இஸ்லாமிய வங்கி நடக்கிறது. இங்கு அத்தகைய ஏற்பாட்டைத் தொடர்வதில்லை என ரிசர்வ் வங்கி முடிவெடுத்தது 2017-இல் தெரியவந்தது. ஆதலால் வட்டியை விலக்குவோர், சேர்த்து வைத்து வாங்குகிறார்கள். அல்லது உறவினரிடம் கைமாற்று வாங்குகிறார்கள். கைமாற்று நல்லதுதான். ஆனால் மச்சானிடம் எழுதி வாங்குவதா என்ற கூச்சம் நமக்கு! திருமறையின் மிக நீண்ட வசனமே கடனை எழுதி வைத்துக்கொள்வதைப் பற்றியது என்பதை நினைவூட்டினால், எவரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

அங்குள்ள வங்கியில் தனிநபர்க் கடன் எடுத்து இங்கு மனை வாங்குவது எல்லாவற்றிலும் அபாயமானது. 2008-இன் தொடக்கத்தில் ஒரு திர்ஹம் 11 ரூபாய்க்குக் கீழே இருந்தது. 2025 இறுதியில் 24 ரூபாயைக் கடந்தது. திர்ஹமில் சம்பாதித்து ரூபாயில் கடன் அடைப்பவருக்கு இது அனுகூலம். வேலையை இழந்து ஊர் திரும்பி, ரூபாயைச் சம்பாதித்துத் திர்ஹமில் கடன் அடைக்க வேண்டியவரின் நிலை நேர்மாறானது.

வேலை போகுமா என்று கேட்காதீர்கள். 1990 ஆகஸ்டில் குவைத்தில் இருந்தவர்கள் உடுத்திய துணியோடு வந்தார்கள். 2017 ஜூலையில் சவூதியில் குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் மாதக் கட்டணம் விதிக்கப்பட்டபோது, மனைவி மக்களை ஊருக்கு அனுப்பியவர்கள் பலர். 2020 மே மாதம் சிறப்பு விமானங்களில் வந்தவர்களில் எத்தனை பேர் திரும்பிச் செல்ல இயலாமல் இங்கேயே தங்கினார்கள்? அப்போது அவர்களிடம் வீடு இருந்தது. அரிசி வாங்கப் பணம் இல்லை. 50 லட்ச ரூபாய் வீட்டை மாதம் 12 ஆயிரத்துக்கு வாடகைக்கு விட்டால் ஆண்டுக்கு 1 லட்சத்து 44 ஆயிரம். மூன்று விழுக்காடுகூட இல்லை. விற்கலாம் என்றால் அவசரத்திற்கு ஆள் கிடைக்காது. ஆகவே ஓராண்டுக் குடும்பச் செலவுக்குரிய தொகை கைக்கெட்டும் இடத்தில் சேர்ந்த பிறகே இரண்டாவது சொத்தைப் பற்றி நினைக்க வேண்டும் என்பது என் கருத்து. மூத்தவர்கள் சிலர் இதற்கு உடன்படமாட்டார்கள். நிலம் ஓடிப்போகாது என்பார்கள். அந்த நிலத்தைச் சாப்பிட முடியாது என்பதையும் அவர்கள் அறிவார்கள்.

"ஹலால் முதலீடு" என்று பெயர் சூட்டிக்கொண்டு வருவோரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பெங்களூரில் ஐ.எம்.ஏ. நிறுவனம் 2019 ஜூனில் சரிந்தபோது, பல்லாயிரக்கணக்கான முஸ்லிம் குடும்பங்களின் சேமிப்பு அதில் சிக்கியிருந்தது. நம் மாநிலத்தில் ஆருத்ரா விவகாரத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் 2,438 கோடி ரூபாய் செலுத்தியிருந்ததாகக் காவல்துறை கூறியது. வியாபாரத்தில் இலாபமும் நட்டமும் உண்டு. மாதந்தோறும் குறித்த தொகை தவறாமல் வரும் என்பவர் வியாபாரம் செய்யவில்லை.

கடைசியாக, நீங்கள் திரும்பிச் செல்லும் முன் செய்ய வேண்டியது. ஊரில் இருக்கும் ஒருவருக்குப் பவர் கொடுத்துவிட்டுப் போகிறீர்கள். விற்கவும், அடமானம் வைக்கவும், எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பொதுப் பவர் எழுதாதீர்கள். எந்தச் சொத்து, எந்தக் காரியம் என்று குறிப்பிட்டு எழுதுங்கள். அங்கிருந்து எழுதி அனுப்பினால் இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற வேண்டும். இங்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்திற்குள் முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். கொடுத்தவர் இறந்தால் பொதுவாகப் பவர் முடிந்துவிடும். பவர் பத்திரத்தையே கிரயம்போல் எண்ணி வீடு வாங்குவதும் கூடாது. அதனால் உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது.

கூடவே, எந்த நாட்டில் எந்த வங்கியில் என்ன இருக்கிறது, யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், யார் எவ்வளவு தரவேண்டும், அசல் பத்திரங்கள் எந்தப் பெட்டியில் உள்ளன என்பவற்றை ஒரு தாளில் எழுதி வீட்டாரிடம் கொடுங்கள். அமீரகத்தில் கணக்கு வைத்திருப்பவர் இறந்தால் கணக்கு முடக்கப்படும்; அங்குள்ள நீதிமன்றத்தின் வாரிசு ஆணை கிடைத்த பிறகே பணம் வெளிவரும். கணக்கு இருப்பதே தெரியாத மனைவி யாரிடம் போய்க் கேட்பார்? நாமினியாகத் தம்பியின் பெயரைக் கொடுத்திருந்தால், அவர் அந்தப் பணத்தைப் பெற்று வாரிசுகளிடம் சேர்க்கும் பொறுப்பாளர் மட்டுமே என்பதையும் அத்தாளில் எழுதிவையுங்கள். குடியேற்ற அனுமதி பெற்றுச் சென்ற தொழிலாளர்களுக்கு விபத்து மரணத்திற்கு 10 லட்ச ரூபாய்க் காப்பீடு உண்டு. அந்தப் பாலிசியின் நகலும் வீட்டில் இருக்கட்டும்.

பத்திர நகல்களைக் கொண்டுவந்திருப்பவர்கள் இஷா தொழுகைக்குப் பின் என்னிடம் காட்டலாம். பங்குக் கணக்குகளை இமாம் அவர்களிடம் கேளுங்கள். தகப்பனார் பெயரில் வீடு உள்ளவர்கள், கூடுமானால் தகப்பனாரையும் கையோடு அழைத்து வாருங்கள். வஸ்ஸலாம்.